தடையை வென்ற கோவில் சங்கீதம்

பால்டிக் கடலோரத்தில் உள்ள சின்னஞ்சிறு நாடு லிதுவேனியா. அது ஒரு காலத்தில் ருஷ்ய ஜார் மன்னரின் பிடியில் இருந்தது. 1863-ல் மக்கள் கிளர்ச்சி செய்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. மறு ஆண்டே ஒரு தடை பிறந்தது.

லிதுவேனிய மொழியை ரோமன் எழுத்தில் அச்சிடக் கூடாது. ருஷ்ய எழுத்தில்தான் அச்சிட வேண்டும்!

மக்கள் பணியவில்லை. ஜெர்மன் எல்லைக்கு அப்பால் அச்சான ஜெபப் புத்தகங்களும் ஞானப் பாட்டுப் புத்தகங்களும் இரவோடு இரவாகக் கடத்தி வரப்பட்டன. பிடிபட்டவர்களில் பலர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

42 ஆண்டுப் பணி

இந்தத் தடைக் காலத்தில், 1869-ல் பிறந்தவர் யுவோசாஸ் நவ்யாலிஸ். கௌனாஸ் நகருக்கு அருகில் உள்ள ரவுடோன்ட்வாரிஸ் அவருடைய ஊர். வார்சாவில் சங்கீதம் படித்தார். 1892-ல் கௌனாஸ் கத்தோலிக்கப் பேராலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலையில் அமர்ந்தார். 42 ஆண்டுகள், சாகும் வரை, அந்த வேலையை அவர் விடவில்லை.

1894-ல் ஜெர்மனியில் உள்ள ரேகன்ஸ்பர்க் நகருக்குச் சென்று, பழைய கோவில் சங்கீத முறைகளைக் கற்று வந்தார். பல பூசைப் பாடல்களை இயற்றினார்.

ரகசியக் குழு

லிதுவேனியக் கிராமங்களில் ஆர்கன் வாசிப்பவரே பாடகர் குழுவுக்கும் வாத்தியார். ஒருவரைப் பழக்கினால் ஊரே பாடும்! இதை உணர்ந்த நவ்யாலிஸ், ஆர்கன்காரர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். 1899-ல் ரகசியமாக ஒரு பாடகர் குழுவையும் அமைத்தார்.

1904-ல் தடை நீங்கியது. அடுத்த ஆண்டே கௌனாஸில் லிதுவேனியப் புத்தகக் கடை ஒன்றைத் திறந்தார் நவ்யாலிஸ். 1909-ல் ஆர்கன்காரர்களுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினார். சில இதழ்களோடு அது நின்றது. அவர் மனம் தளரவில்லை.

3,000 குரல்கள்

1918-ல் நாடு சுதந்திரப் பிரகடனம் செய்தது. 1919-ல் நவ்யாலிஸ் ஒரு சங்கீதப் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு அரசாங்கம் அதை ஏற்றது. 1933-ல் அது சங்கீதக் கல்லூரியாக உயர்ந்தது.

1924-ல் கௌனாஸில் முதல் பாட்டு விழா நடந்தது. சுமார் 3,000 பேர் ஒன்றாகப் பாடினார்கள். விழாவில் பாடகர்களை நடத்தியவர்களில் நவ்யாலிஸும் ஒருவர். ரகசியமாகப் பாடிய மொழி, அன்று திறந்த வெளியில் முழங்கியது!

1934-ல் நவ்யாலிஸ் காலமானார். மைரோனிஸ் என்ற பாதிரியார் கவிஞர் நாட்டைப் போற்றி எழுதிய பாட்டுக்கு அவர் அமைத்த மெட்டு, இன்றும் அங்கே தேசிய கீதத்துக்கு அடுத்த மதிப்புப் பெற்று விளங்குகிறது.