ஹொவீட்டா இடார்: வகுப்பறையைத் தாண்டிய பரிவு

மாணவர்மீது ஆசிரியர் காட்டும் பரிவைத் தனிமனித நற்குணமாகவே நாம் கருதிவருகிறோம். எந்த வீட்டில், எந்த மக்களின் துயரத்திலிருந்து அது விளைந்தது என்று கேட்பதில்லை. அமெரிக்காவின் மெக்சிக வம்சாவளி ஆசிரியை ஹொவீட்டா இடாரின் வாழ்க்கை அக்கேள்விக்கு விடை தருகிறது.

டெக்சாஸ் மாநிலத்தின் எல்லை நகரமான லரேடோவில் 1885-இல், எட்டுக் குழந்தைகளுள் ஒருவராக இடார் பிறந்தார். தந்தை நிக்காசியோ, 'லா குரோனிக்கா' என்னும் ஸ்பானிய இதழை நடத்தியவர். தம் மக்கள்மீதான கொடுமைகளை அச்சில் ஏற்றுவதே அக்குடும்பத்தின் பணியாயிற்று.

1903-இல் ஆசிரியர் சான்றிதழ் பெற்ற இடார், ஒஹுவேலோஸ் என்னும் சிற்றூரில் கற்பித்தார். அங்கே புத்தகங்களும் போதவில்லை, மேசைகளும் போதவில்லை. சட்டத்தின் ஏட்டில் மெக்சிகர் வெள்ளையரே. நடைமுறையிலோ, அவர்களின் குழந்தைகளுக்கு வசதியற்ற தனிப்பள்ளிகள். பிரிவினைக்கு எப்போதும் சட்டம் தேவைப்படுவதில்லை. வழக்கமும் அதிகாரிகளின் ஒப்புதலும் போதும். சட்டம் பயின்ற நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இது.

பாடம் நடத்துவதால் மட்டும் இக்குறை தீராதெனக் கண்ட இடார், பணியை விட்டுத் தந்தையின் இதழில் சேர்ந்தார். பள்ளிப் பிரிவினையையும் கும்பல் கொலைகளையும் அவ்விதழ் அம்பலப்படுத்தியது. 1911-இல் மெக்சிக மக்களின் முதல் மாநாட்டை இடார் குடும்பம் லரேடோவில் கூட்டியது. அதன் தொடர்ச்சியாக உருவான மெக்சிகப் பெண்கள் சங்கத்துக்கு ஹொவீட்டாவே முதல் தலைவர். ஆசிரியைகள் பலர் இணைந்த அச்சங்கம், ஏழைக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பித்தது. உணவும் உடையும் திரட்டியது.

தாய்மொழியும் மெக்சிக வரலாறும் கற்பிக்கப்படாத குழந்தை தன் மக்களுக்கே அந்நியமாகிவிடும் என அவர் வாதிட்டார். 1914-இல் 'எல் புரோகிரெசோ' இதழின் அச்சகத்தை மூட வந்த டெக்சாஸ் ரேஞ்சர் படையினரை வாசலில் நின்று மறித்தார். பின்னர் மீண்டும் வந்த அவர்கள் அச்சகத்தை உடைத்தனர். 1918-இல் பள்ளிகளில் ஆங்கிலமல்லாத மொழியில் கற்பிப்பதையே டெக்சாஸ் அரசு குற்றமாக்கியது. அதற்குள் சான் அந்தோனியோவில் குடியேறியிருந்த இடார், அங்கே இலவச மழலையர் பள்ளி நடத்தினார். மருத்துவமனையில் ஸ்பானிய மொழி பேசும் நோயாளிகளுக்கு மொழிபெயர்த்தும் உதவினார்.

1946-இல் அவர் மறைந்தார். மெக்சிகக் குழந்தைகளைப் பள்ளிகளில் பிரித்துவைப்பது சட்டவிரோதம் என டெக்சாஸின் கூட்டாட்சி நீதிமன்றம் 1948-இல், டெல்கடோ வழக்கில் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் வந்துசேர்ந்த இடத்துக்கு, அந்த இளம் ஆசிரியை ஒஹுவேலோஸ் வகுப்பறையிலேயே வந்துவிட்டார். பரிவு வகுப்பறைக்குள்ளேயே நின்றுவிட்டால் புத்தகமும் வராது; மேசையும் வராது.