சில நிமிடமே வாழும் தகவல்... அதைத் தேடிய ஜாக் மொனோ யார்?

கோவிட்-19 காலத்தில் 'எம்ஆர்என்ஏ' என்ற சொல்லை அடிக்கடி கேட்டிருப்பீங்க. ஃபைசர் தடுப்பூசியை முதலில் சுமார் மைனஸ் 70 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கவேண்டியிருந்தது. எம்ஆர்என்ஏ எளிதில் சிதைந்துவிடும் என்பது அதற்கு முக்கியக் காரணம்.

நமக்குத் தொல்லைதான். ஆனா பாக்டீரியாவுக்கு அதுவே பலம்! அதைப் புரியவைத்தவர்களில் ஒருவர், பிரெஞ்சு விஞ்ஞானி ஜாக் மொனோ.

சர்க்கரையில் தொடங்கிய கேள்வி

மொனோ 1910இல் பாரிஸில் பிறந்தார். பாக்டீரியாவுக்கு இரண்டு வகைச் சர்க்கரையைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். முதலில் குளுக்கோஸ் காலி. கொஞ்ச நேரம் வளர்ச்சி நின்றது. அப்புறம்தான் அடுத்த சர்க்கரை. ஏன் அந்த இடைவேளை? அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

இடையில் போர் வந்தது. பாரிஸைப் பிடித்த ஜெர்மானியப் படைக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் சேர்ந்தார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருந்த ஒட்டகச்சிவிங்கி எலும்புக்கூட்டின் கால் எலும்புக்குள் ரகசியத் தாள்களை ஒளித்துவைத்தாராம். மாட்டியிருந்தால் உயிரே போயிருக்கும்.

வந்த வேலை முடிந்தால் போய்விடும்

போருக்குப் பிறகு, பாஸ்டர் ஆய்வுக்கழகத்தில் ஃபிரான்சுவா ஜாக்கோபுடன் ஈ.கோலி பாக்டீரியாவை ஆராய்ந்தார்.

லாக்டோஸ் சர்க்கரை கிடைத்தால், அதை உடைக்கும் என்சைமைப் பாக்டீரியா சில நிமிடத்தில் தயாரிக்கத் தொடங்கும். லாக்டோஸை எடுத்துவிட்டால் தயாரிப்பும் சீக்கிரம் நின்றுவிடும்.

அப்படீன்னா, மரபணுவின் உத்தரவைக் கொண்டுபோகும் 'தூதர்' நீண்ட நேரம் வாழக்கூடாது, இல்லையா? 1961இல் இருவரும் அதற்குத் தூது ஆர்என்ஏ என்று பெயர் வைத்தார்கள். அதுதான் எம்ஆர்என்ஏ. அது உண்மையிலேயே இருக்கிறது என்று காட்டிய சோதனையும் அதே ஆண்டு வெளியானது. ஜாக்கோபுடன் அதைச் செய்தவர்களில் ஒருவர் சிட்னி பிரென்னர். பின்னாளில் சிங்கப்பூரின் முதல் கௌரவக் குடிமகன் ஆனவர்!

குறைந்த ஆயுளால் என்ன லாபம்?

நல்ல சூழலில் ஈ.கோலி சுமார் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். பழைய உத்தரவு தங்கினால், தேவையில்லாத என்சைமைச் செய்து சக்தி வீணாகும். அதனால் பெரும்பாலான எம்ஆர்என்ஏ சில நிமிடத்தில் உடைக்கப்படுகிறது. சூழல் மாறினால், பாக்டீரியாவும் உடனே மாறிக்கொள்ளலாம்.

1965இல் மொனோ, ஜாக்கோப், ஆந்த்ரே லுவோஃப் மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. 1976இல் மொனோ காலமானார்.

தடுப்பூசியில் வரும் எம்ஆர்என்ஏவும் உங்கள் உடலில் தங்கிவிடாது. வேலை முடிந்ததும் சிதைந்துவிடும்.