எண்பத்தொரு வயதில் வந்த பட்டம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் கோல்கொண்டா கோட்டைக்கு அழைத்துச் செல்வது ஐதராபாத், செகந்திராபாத் தமிழர்களின் வழக்கம். அங்கே பத்ராசல ராமதாஸர் அடைபட்டிருந்த சிறையைத் தவறாமல் காட்டுவோம். வசூலான வரிப் பணத்தில் ராமனுக்குக் கோயில் கட்டியதற்காகத் தானிஷா காலத்தில் சிறைப்பட்ட அந்தத் தாசில்தார், இருட்டறைக்குள் பாடிய பாடல்கள் இன்றும் தெலுங்கு வீடுகளில் ஒலிக்கின்றன.

சென்ற மாதம் எங்கள் ரயில்வே அலுவலகத்தில் தேநீர் நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. தாமே பாட்டு எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடியவர்கள் தெலுங்கில் ராமதாஸரும் தியாகய்யரும் இருக்கிறார்கள். தமிழில் அண்மைக் காலத்தில் அப்படி யார் என்று தெலுங்கு நண்பர் ஒருவர் கேட்டார். பாபநாசம் சிவன் என்று உடனே சொன்னேன். அவருக்கு நீங்கள் என்ன மரியாதை செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி போட்டார். அதற்குப் பதில் சொல்லச் சற்றுத் தயங்கினேன். அந்தத் தயக்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பழைய தஞ்சை மாவட்டத்துப் போலகம் கிராமத்தில் 1890-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி பிறந்தவர் சிவன். பெற்றோர் ராமாமிர்த ஐயர், யோகாம்பாள். இட்ட பெயர் ராமய்யா. ஏழு வயதில் தந்தையை இழந்தார். பிழைக்க வழியின்றி, உறவினர் ஆதரவை நாடித் தாயார் தம் புதல்வர்களுடன் திருவனந்தபுரம் சென்றார். ஊரை விட்டு வேற்று மொழி பேசும் நாட்டுக்குப் பிழைப்புத் தேடிப் போவது எப்படி என்பதை நம்மவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் இங்கே தெலுங்கு படிப்பது போல ராமய்யா அங்கே மலையாளம் படித்தார். மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்து இலக்கணத்தில் தேர்ச்சியும் பெற்றார்.

அந்நகரில் நீலகண்ட சிவன் என்னும் பெரியவர் பஜனை நடத்தி வந்தார். சிறுவன் ராமய்யாவுக்கு அந்தப் பஜனைக் கூடமே இன்னொரு பள்ளிக்கூடம் ஆயிற்று. நூரணி மகாதேவ பாகவதர், சாம்ப பாகவதர் ஆகியோரிடம் இசையின் அரிச்சுவடியைக் கற்றார். பின்னாளில் கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரின் பாட்டு அவரை ஆட்கொண்டது.

1910-ல் தாயாரும் காலமானார். இருபது வயது இளைஞருக்குத் திருவனந்தபுரத்தில் இனி யாருமில்லை. தஞ்சைச் சீமைக்குத் திரும்பி, கோயில் கோயிலாகப் பாடிக்கொண்டு திரிந்தார். அண்ணன் ராஜகோபாலய்யர் குடியிருந்த ஊர் பாபநாசம். தஞ்சாவூர் - கும்பகோணம் ரயில் மார்க்கத்தில் உள்ள பாபநாசம் இது. திருநெல்வேலிப் பாபநாசம் அல்ல. மேனியெங்கும் திருநீறு துலங்க நின்று பாடிய ராமய்யாவை ஜனங்கள் சிவன் என்றே அழைத்தார்கள். ஊர்ப் பெயரும் சேர்ந்துகொண்டது. பிற்பாடு வந்த பட்டங்கள் அனைத்துக்கும் மூத்தது, பாமர ஜனங்கள் சூட்டிய இந்தப் பெயர்தான். (அந்த அண்ணனின் மகளே 1988-ல் சில வாரங்கள் தமிழக முதல்வராக இருந்த வி. என். ஜானகி.)

சிவனின் முதல் கீர்த்தனை திருவாரூர் தியாகேசர் மீது, குந்தளவராளி ராகத்தில் பிறந்தது. தம் பாடல்களில் அவர் வைத்த முத்திரை ராமதாஸன் என்பது. ஆகத் தெலுங்கு நாட்டுக்கு ஒரு ராமதாஸர் என்றால், நமக்கும் ஒரு ராமதாஸன் உண்டு.

1930-ஐ ஒட்டிச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். மார்கழி விடியற்காலையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாட வீதிகளையும் பாடிக்கொண்டே சுற்றி வருவார். பனியையும் பொருட்படுத்தாமல் பின்னால் ஒரு கூட்டம் வரும். பல ஆண்டுகள் இந்த வழக்கம் நடந்தது. 1934-ல் நூறு பாடல்கள் கொண்ட முதல் தொகுதி கீர்த்தன மாலை என்ற பெயரில் வெளிவந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய கலாக்ஷேத்திராவில் இசை ஆசிரியராகவும் இருந்தார்.

அதே 1934-ல் வந்த சீதா கல்யாணம் மூலம் சினிமாவிலும் கால் வைத்தார். அம்பிகாபதி, அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ் என்று எம். கே. தியாகராஜ பாகவதர் பாடி நடித்த படங்களில் ஒலித்த பாட்டுகள் சிவன் எழுதியவை. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்தப் பாட்டுகளை முணுமுணுக்காத வண்டிக்காரரோ, மில் தொழிலாளியோ, குமாஸ்தாவோ அந்நாளில் இல்லை. 1936-ல் பக்த குசேலா படத்தில் குசேலராகவும், 1939-ல் தியாகபூமியில் சம்பு சாஸ்திரியாகவும் சிவனே நடித்தார். கல்கியின் கதையைக் கே. சுப்பிரமணியம் படமாக்கிய தியாகபூமியை ஆங்கிலேய அரசு தடை செய்தது.

இனி நண்பரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். 1950-ல் காஞ்சி மடம் சிவபுண்ய கானமணி என்ற பட்டத்தை வழங்கியது. அப்போது அவருக்கு அறுபது வயது. தமிழ்த் தியாகய்யர் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் கர்நாடக இசை உலகின் தலையாய பட்டமாகிய சங்கீத கலாநிதியைச் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு அளித்தது 1971-ல்தான். எண்பத்தொன்று வயது நிறைந்து விட்டது. மறு ஆண்டு, 1972-ல், மத்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. 1973 அக்டோபர் 1-ந் தேதி சிவன் காலமானார். பெரிய பட்டத்தையும் பெரிய விருதையும் வைத்துக்கொண்டு அவர் வாழ்ந்தது இரண்டு ஆண்டுகள்கூட இல்லை.

அவர் பாடல்களை மேடையேற்றிய வித்துவான்கள் பலர் அவருக்கு வெகு காலம் முன்பே கலாநிதி ஆகிவிட்டார்கள். முசிறி சுப்பிரமணிய ஐயர் 1939-லும், செம்மங்குடி சீனிவாச ஐயர் 1947-லும், மதுரை மணி ஐயர் 1959-லும் அதைப் பெற்றார்கள். தியாகபூமியில் பின்னணி பாடிய டி. கே. பட்டம்மாளுக்குக்கூட 1970-ல், சிவனுக்கு ஓராண்டு முன்னதாகவே கிடைத்தது. அவர்கள் எல்லோரும் அதற்கு முற்றிலும் தகுதியானவர்களே. ஆயினும் பந்தி பரிமாறியவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சமைத்தவருக்கு இலை போட்டது போல இருக்கிறது.

ஏன் இந்தத் தாமதம்? எனக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று. அவர் சபைக் கச்சேரி வித்துவானாக இல்லாமல் வீதி பஜனைக்காரராகவே இருந்தார். சினிமாவுக்கு எழுதினார், சினிமாவைச் சங்கீத சபைகள் சற்றுத் தள்ளியே வைத்தன. மூன்றாவது, தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் பாடும் துக்கடாவாகவே கருதப்பட்ட காலம் அது. அண்ணாமலை செட்டியார் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கமும், 1943-ல் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் அந்த நிலையை மாற்றப் பாடுபட்டன. இதில் தெலுங்கின் மீது குறை ஒன்றுமில்லை. தமிழ் மண்ணான திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடிய தியாகய்யரைத் தமிழர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். அது நமக்குப் பெருமையே. நம் வீட்டுப் பிள்ளையையும் அதே பந்தியில் உட்கார வைக்கத்தான் நாளாயிற்று.

பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் சன்னிதியிலும், லாலாகுடா, மாரேட்பள்ளி வீடுகளின் நவராத்திரிக் கொலுவிலும் நம் பெண்கள் பாடும் தமிழ்ப் பாட்டுகளில் சிவனுடையது ஒன்றாவது இருக்கும். எழுதியவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. குழந்தைக்குப் பாட்டைச் சொல்லித் தரும்போது, பாடியவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் சொல்லித் தரலாம். அதற்குச் சபையும் வேண்டாம், செலவும் இல்லை.

மறுநாள் தேநீர் நேரத்தில் நண்பரிடம் ஒளிக்காமல் சொன்னேன்: மரியாதை செய்தோம், ஆனால் தாமதமாகச் செய்தோம் என்று. அவர் சிரிக்கவில்லை. அவர்கள் ராமதாஸருக்குக் கிடைத்தது பன்னிரண்டு வருஷச் சிறை என்று சொல்லிவிட்டு, சிவனின் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டச் சொன்னார். என் குரலின் லட்சணம் தெரிந்தும் பாடினேன்.