மேடையை மருந்தாக்கிய மருத்துவர்

நாடகத்தின் பயன் காண்போர்க்கே உரியது என்பது தொன்றுதொட்டு வரும் கொள்கை. துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பிக் காண்போர் உள்ளத்தைத் தூய்மை செய்யும் என்பது கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டோட்டிலின் கருத்து. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை மாணாக்கர்க்கு உரைக்குந்தோறும் என்னுள் ஒரு வினா எழுவதுண்டு: நகையையும் அழுகையையும் வெகுளியையும் தன் மெய்யிலே தாங்கி நடிக்கின்றானே, அவன் பெறும் பயன் யாது? அவ்வினாவிற்குத் தம் வாழ்நாளையே விடையாக்கிச் சென்றவர் உளநோய் மருத்துவர் யாக்கோப் லெவி மொறேனோ.

இவர் 1889ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் ருமேனிய நாட்டுப் புக்காரெஸ்ட் நகரிலே ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். இளமையிலேயே குடும்பத்தோடு வியன்னா நகரம் சேர்ந்தார். அங்கே மாணவராயிருந்த காலத்தில், அவுகார்ட்டன் பூங்காவிலே விளையாடும் சிறுவர்களைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார். நாளடைவிற் சிறுவர்கள் கதையைக் கேட்பதோடு அமையாது, தாமே அதனைப் புனைந்து நடிக்கலாயினர். எழுதி வைத்த உரை இல்லாதவிடத்தே குழந்தையின் உள்ளம் தடையின்றி மலர்வதை மொறேனோ கண்டார். 1917இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார்.

உலகப்போர் முடிந்து பேரரசும் வீழ்ந்தது. 1921ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள், வியன்னா நாடக அரங்கொன்றின் மேடையிலே சிங்காதனம் ஒன்றை மட்டும் வைத்து, விதூடகர் கோலத்தில் மொறேனோ தோன்றினார். அரசனின்றித் தவிக்கும் நாட்டிற்கு வழிகாட்ட வல்லார் எவரேனும் வந்தமர்க என அவையோரை அழைத்தார். வந்தவர் எவரும் அவையோர் மதிப்பைப் பெற்றிலர். அம்முயற்சி தோல்வியுற்றதெனினும் அவர் தளர்ந்தாரல்லர். முன்னெழுதிய உரையின்றி அவ்வப்போது தோன்றியவாறே நடிக்கும் அரங்கொன்றை அந்நகரிலே நிறுவினார்.

அவ்வரங்கிலே பார்பரா என்று அவர் குறிப்பிடும் நடிகை ஒருத்தி இருந்தாள். மேடையிலே கற்பும் சாந்தமும் மிக்க பாத்திரங்களையே ஏற்பவள், வீட்டிலே கணவனைச் சீறிச் சினந்தாள். கவிஞரான கணவர் மொறேனோவிடம் முறையிட்டார். அவரோ அவளுக்கு அறிவுரை கூறினாரல்லர். கொலைஞனோடு போராடி மடியும் விலைமகளின் பாத்திரத்தைக் கொடுத்தார். உள்ளத்திலே அடைபட்டிருந்த வெகுளியெல்லாம் மேடையிலே வெளிப்பட, இல்லத்திலே அவள் சினம் தணிந்தது. பின்னர்க் கணவன் மனைவி இருவரையுமே மேடையேற்றித் தம் இல்வாழ்வை நடிக்கச் செய்தார். உளநாடகம் என்னும் மருத்துவமுறையின் வித்து இதுவே. ஆயினும் அக்கணவர் 1929இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார் என்பதையும் மறைத்தல் தகாது. எந்த மருந்தும் எல்லா நோய்க்கும் மருந்தன்று.

1925இல் மொறேனோ அமெரிக்கா சென்றார். சிங் சிங் சிறைச்சாலைக் கைதிகளிடையே ஆராய்ச்சி நடத்தினார். நோயாளர் ஒருவர்க்கொருவர் துணையாகும் குழு உளமருத்துவத்திற்கு 1932இல் அப்பெயரிட்டவர் இவரே. 1936இல் நியூயோர்க் மாநிலத்துப் பீக்கன் என்னும் ஊரிலே வைத்தியசாலை ஒன்றை அமைத்து, அதனுள்ளே வட்டவடிவான மேடையும் அமைத்தார். வியன்னாவிலே புரொய்ட் நோயாளரைப் படுக்கவைத்துப் பேசச்செய்தார். மொறேனோ எழுந்து நின்று நடிக்கச்செய்தார். தந்தையை வெறுக்கும் மகன் தந்தையாக மாறி நடிப்பான். அப்பொழுது எதிரே நிற்கும் தன்னையே தந்தையின் கண்கொண்டு காண்பான். சொல்லத் தெரியாது திகைப்பவனின் அருகே மற்றொருவர் நின்று அவன் உள்ளத்து உரையைத் தாம் உரைப்பார். இறந்தவரிடம் சொல்லாது விட்ட சொல்லை வெற்று நாற்காலியை நோக்கிச் சொல்லவும் அங்கே இடமுண்டு.

நோயுற்ற தமக்கையுடன் 1941இல் பீக்கன் வந்த சேர்க்கா என்னும் அம்மையார், 1949இல் மொறேனோவின் மனைவியாகி, அவர் 1974ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் மறைந்த பின்னரும் அம்முறையைப் பல்லாண்டு பரப்பினார்.

நடிப்பைப் பொய் என்பார் பலர். மனிதன் நாள்தோறும் அணியும் முகமூடியே பொய்யென்றும், மேடையிலே அது கழலுமென்றும் மொறேனோவின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது. பாடசாலைகளிலே பரிசு கருதி மட்டும் நாடகம் பயிற்றுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். என்றும் வாய்திறவாத மாணாக்கன் ஒருவனுக்கு ஒரு சிறு பாத்திரம் கொடுத்தால், அவன் நெஞ்சிற் கிடக்கும் பாரம் இறங்குதலும் கூடும். அப்பயன் எந்தக் கேடயத்தினும் பெரிது என்பது என் துணிபு.