உறைபனியில் நடந்த சவேரியார்

தூத்துக்குடிக் கடற்கரையில் சவேரியார் பெயரைச் சொன்னால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கையில் ஒரு மணி. உடம்பில் கிழிந்த அங்கி. காலடியில் சுடுமணல். நம் மனதில் நிற்கும் சவேரியார் இவர்தான்.

அதே கால்கள் முழங்கால் அளவு உறைபனியிலும் நடந்திருக்கின்றன. ஒரு முறை அல்ல, இரண்டு முறை!

மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்குமே, அந்தப் பனி அல்ல இது. வானத்திலிருந்து பஞ்சு போல் உதிர்ந்து, வழியையே மூடிவிடும் பனி.

சவேரியார் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியில் ஒரு கோட்டை வீட்டில் பிறந்தார். வீட்டுக்குக் கடைக்குட்டி. 1525-ல் பாரிஸ் நகரத்துக்குப் படிக்கப் போனார். ஓடுவதிலும் தாண்டுவதிலும் கெட்டிக்காரர்.

அங்கே அவருடன் ஒரே அறையில் தங்கியவர் பீட்டர் பேபர். பிறகு இஞ்ஞாசியாரும் வந்து சேர்ந்தார். இஞ்ஞாசியார் வயதில் மூத்தவர். போரில் காலில் அடிபட்டு நொண்டி நடப்பவர். முதலில் அவரைச் சவேரியாருக்குப் பிடிக்கவே இல்லை. போகப் போக மனம் மாறியது. 1534-ல் ஏழு நண்பர்கள் ஒன்று கூடினார்கள். ஏழைகளாக வாழ்வது, ஜெருசலேம் போவது என்று சபதம் செய்தார்கள். பின்னர் மேலும் மூவர் சேர்ந்தனர்.

பனியில் ஒன்பது பேர்

இஞ்ஞாசியார் முன்னதாகவே வெனிஸ் நகரத்துக்குப் போய்விட்டார். மற்ற ஒன்பது பேரும் 1537 ஜனவரியில் கிளம்புவதாகத் திட்டம். அதற்குள் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் சண்டை மூண்டுவிட்டது. இனிக் காத்திருந்தால் ஆபத்து. 1536 நவம்பர் 15-ந் தேதியே புறப்பட்டுவிட்டார்கள். நேர் வழியை மறித்துப் படைகள் நின்றன. ஜெர்மன் நாட்டு வழியாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அதுவும் குளிர்காலத்தில்!

நீண்ட மேலங்கி, தலையில் தொப்பி, தோளில் புத்தகங்கள் நிறைந்த தோல் பை, கழுத்தில் ஜெபமாலை. இதுதான் கோலம். பிரான்சு எல்லை தாண்டும் வரை மழை. தாண்டிய பிறகு பனி.

ஓட்டத்தில் கர்வம் கொண்டதற்குத் தண்டனையாகச் சவேரியார் தம் கால்களில் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டாராம். கயிறு சதைக்குள் புதைந்து, நடக்க முடியாமல் விழுந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தப் பனியே போதாதா தண்டனைக்கு?

1537 ஜனவரி 8-ல் வெனிஸ் வந்து சேர்ந்தார்கள். அங்கே இஞ்ஞாசியார் காத்திருந்தார். ஜெருசலேம் போகக் கப்பல்தான் கிடைக்கவில்லை.

முத்துக்குளித்துறை

1540-ல் போர்ச்சுக்கல் மன்னர் இந்தியாவுக்குப் பாதிரியார்கள் வேண்டும் என்று கேட்டார். போக வேண்டியவர் வேறு ஒருவர். அவர் நோயில் விழுந்தார். இஞ்ஞாசியார் சவேரியாரை அழைத்துச் சொன்னார். பழைய துணிகளை ஒட்டுப் போட்டுக்கொண்டு சவேரியார் உடனே கிளம்பிவிட்டார். 1542 மே 6-ல் கோவாவில் இறங்கினார். அக்டோபரில் நம் கரைக்கு வந்தார்.

முத்துக் குளிக்கும் உரிமை பற்றிய தகராறில் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடியிருந்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் அதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழில் ஆக்கினார், மனப்பாடம் செய்தார். மணி அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

சிறுவர்களைக் கொண்டு வீட்டுச் சிலைகளை உடைக்கச் செய்ததை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தச் செயலை இன்று நம்மால் மெச்ச முடியாது.

1544 ஜூனில் வடுகர் படை பாய்ந்தது. மக்கள் குமரி முனைப் பாறைகளில் போய் ஒளிந்தார்கள். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிக் கிளம்பினார். எதிர்க்காற்று விடவில்லை. உடனே கரையில் இறங்கிக் கால்நடையாகவே குமரிக்குப் போனார். செப்டம்பரில் தூத்துக்குடி மக்கள் பக்கத்துத் தீவுகளுக்கு ஓடித் தவித்தபோதும், தண்ணீரும் உணவும் கொண்டு போகும்படி தம் துணைவருக்கு அவசரக் கடிதம் எழுதினார்.

இந்தக் கரையில் அவரைக் காப்பாற்றியது ஏழ்மைதான். கிழிந்த அங்கியைப் பார்த்ததும் மக்கள் தம்மவர் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

பலிக்காத பயணம்

1549 ஆகஸ்ட் 15-ந் தேதி ஜப்பானில் ககோஷிமா துறையில் இறங்கினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அவருக்கு ஓர் எண்ணம். தலைநகரான மியாகோவுக்குப் போய்ச் சக்கரவர்த்தியையே பார்த்துவிட்டால் நாடு முழுவதும் போதிக்க அனுமதி கிடைக்குமே! அன்றைய மியாகோதான் இன்றைய கியோட்டோ.

உடன் வந்தவர்கள் இருவர். ஒருவர் ஜுவான் பெர்னாண்டஸ். மற்றவர் பெர்னார்டோ என்ற ஜப்பானிய இளைஞர். வழிச் சாப்பாட்டுக்கு ஒரு பையில் வறுத்த அரிசி. இரவில் போர்த்திக்கொள்ள ஒரு பழைய கம்பளி.

மலைவழியில் பனி முழங்காலைத் தொட்டது. குளிர்ந்த ஓடைகளில் இறங்கிக் கடந்தார்கள். வழிக்கொள்ளைக்காரர் பயம் வேறு. கடைசிப் பகுதியில், குதிரையில் போன பிரபு ஒருவரின் ஆட்களோடு சேர்ந்து ஓடினார் சவேரியார். கால்கள் வீங்கிவிட்டன.

அத்தனை பாடுபட்டுப் போன மியாகோ எப்படி இருந்தது? போரால் பாதி பாழாகிக் கிடந்தது. சக்கரவர்த்திக்குப் பெயர்தான் உண்டு, அதிகாரம் இல்லை. அவரையும் பார்க்க முடியவில்லை. காணிக்கை எங்கே என்று கேட்டார்கள். கந்தல் உடையில் நின்றவரிடம் என்ன இருக்கும்? பதினொரு நாள் இருந்துவிட்டுத் திரும்பினார்கள்.

நம் கரையில் பலித்தது அங்கே பலிக்கவில்லை. பிடிவாதக்காரராக இருந்தால் மறுபடியும் அதே அங்கியோடு போயிருப்பார். சவேரியார் அப்படிச் செய்யவில்லை. 1551-ல் நல்ல உடை உடுத்தினார். கடிகாரம், மூக்குக் கண்ணாடி, இசைக் கருவி என்று பரிசுகளையும், கவர்னரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, யமாகுச்சியை ஆண்ட ஓவுச்சி யோஷிதாகாவைப் பார்த்தார். அனுமதி கிடைத்தது. தங்குவதற்கு ஆள் இல்லாத ஒரு மடமும் கிடைத்தது.

அந்த ஆண்டு இறுதியில் ஜப்பானைவிட்டுக் கிளம்பினார். தலை நரைத்துவிட்டது. வயதோ 45தான். பெர்னார்டோவும் கூடவே வந்தார். அவர் பிறகு லிஸ்பனுக்கும் ரோமாபுரிக்கும் போனார். ஐரோப்பாவில் கால் வைத்த முதல் ஜப்பானியர் அவரே என்கிறார்கள்.

சவேரியாரின் அடுத்த ஆசை சீனா. கரைக்கு எதிரே சான்சியான் தீவில் இறங்கி, அழைத்துப் போவதாகச் சொன்ன படகுக்காகக் காத்திருந்தார். படகு வரவில்லை. காய்ச்சல்தான் வந்தது. 1552 டிசம்பர் 3-ந் தேதி விடியுமுன், ஓலைக் குடிசை ஒன்றில் உயிர் பிரிந்தது. பக்கத்தில் இருந்தவர் அந்தோனி என்ற சீனர்.

அன்று கடுங்குளிர். கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இறங்கி வரவில்லை. அடக்கத்துக்கு நின்றவர்கள் நான்கே பேர்.