கேம்பாய் தந்த குன்பெய் யோக்கோய்: வெளிவந்த அன்றே பழசான கேம் ஜெயித்தது எப்படி?

பாப்பாரப்பட்டியில் தருமபுரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், மொபைலில் எமுலேட்டர் போட்டு பழைய கேம்பாய் விளையாட்டு ஒன்றைத் திறந்து பாருங்கள். கலர் கிடையாது. வெளிறிய பச்சைத் திரையில் நான்கே நான்கு சாயல்கள், 160-க்கு 144 புள்ளிகள், அவ்வளவுதான். ரெண்டு நிமிஷத்தில் மொக்கை என்று மூடத் தோன்றும்.

ஆனால், 1989-ல் கடைக்கு வந்தபோதே கேம்பாய் பழசுதான். தெரிந்தேதான் அதை அப்படி வடிவமைத்தார் குன்பெய் யோக்கோய்.

யார் இவர்?

1941-ல் ஜப்பானின் கியோட்டோவில் பிறந்தவர். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு 1965-ல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். அப்போது அது சீட்டுக்கட்டு தயாரிக்கும் கம்பெனி. இவருக்குக் கிடைத்தது மெஷின் பராமரிப்பு வேலை. சும்மா இருந்த நேரத்தில், அழுத்தினால் நீண்டுபோய்ப் பொருளைக் கவ்வும் பொம்மைக் கை ஒன்றைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி ஹிரோஷி யமௌச்சி கண்ணில் அது பட்டுவிட்டது. திட்டு விழவில்லை; விற்பனைக்குத் தயார் செய்யச் சொல்லிவிட்டார். 1966-ல் வந்த அந்த 'அல்ட்ரா ஹேண்ட்' 10 லட்சத்துக்கும் மேல் விற்றது.

பின்னாளில் புல்லட் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கால்குலேட்டர் திரைகள் மலிவாகிவிட்ட காலம் அது. அதே திரையை வைத்து 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' என்ற கையடக்க விளையாட்டைக் கொண்டுவந்தார். இன்று கேம் கன்ட்ரோலர்களில் இருக்கிற கூட்டல் குறி வடிவப் பட்டன், 1982-ல் இந்த வரிசையில்தான் அறிமுகமானது.

இவருடைய சூத்திரம் இதுதான்: விலை இறங்கி, நிறைகுறை எல்லாம் தெரிந்துபோன தொழில்நுட்பத்தை எடு, யாரும் யோசிக்காத வேலைக்கு அதைப் பயன்படுத்து.

கேம்பாயும் அப்படித்தான். போட்டிக்கு வந்த சேகாவின் 'கேம் கியர்' கலர் திரையோடு பளபளத்தது. ஆனால் 6 பேட்டரி போட்டாலும் சில மணி நேரத்தில் படுத்துவிடும். கேம்பாய்க்கு 4 பேட்டரி போதும், பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடும். திரைக்குப் பின்னால் விளக்கு இல்லை. அதனால் இருட்டில் ஒன்றும் தெரியாது. வெயிலில் நன்றாகவே தெரியும். உச்சி வெயிலில் மொபைலைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். பிறகு வந்த 'கேம்பாய் கலர்' மாடலையும் சேர்த்து விற்றது சுமார் 11.87 கோடி.

எல்லாமே ஜெயித்தது என்றில்லை. 1995-ல் வந்த 'வர்ச்சுவல் பாய்' சிவப்பு நிறம் மட்டும் காட்டும் முப்பரிமாணக் கருவி. தலைவலி, கழுத்துவலிதான் மிச்சம் என்று ஆனது. ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1996-ல் யோக்கோய் வெளியேறி 'கோட்டோ' என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். அந்தத் தோல்விதான் காரணம் என்று பேச்சு கிளம்பியது. ஆனால் தனியாகத் தொழில் செய்யும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது.

1997 அக்டோபர் 4. நெடுஞ்சாலையில் ஒரு சின்ன மோதல். என்ன ஆச்சு என்று பார்க்கக் காரைவிட்டு இறங்கியவர் மீது வேறொரு கார் மோதியது. அப்போது அவருக்கு வயது 56.

அவர் பங்களிப்பில் உருவான 'வொண்டர்ஸ்வான்' கருவியை பண்டாய் நிறுவனம் 1999-ல் வெளியிட்டது. அதுவும் கறுப்பு வெள்ளைதான். ஒரே ஒரு பேட்டரியில் ஓடியது. அதோடு வந்த புதிர் விளையாட்டு ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: 'குன்பெய்'.