குளிரை வென்ற தோட்டக்காரர்

வாழைக்கு உறைபனி ஆகாது. கடும் பனி விழுந்தால் ஒரே இரவில் இலை கருகிவிடும். குருத்து அழுகிவிடும்.

இங்கிலாந்தில் குளிர்காலம் வந்தால் குளத்து நீரே கல்லாக உறையும். அப்படிப்பட்ட நாட்டில் வாழையைக் குலை தள்ள வைத்தார் ஒருவர். பிரேசில், பர்மா, மொரீஷியஸ் ஆகிய வெப்ப நாட்டுச் செடிகளைக் குளிருக்குப் பலி கொடுக்காமல் காத்தார். அந்தத் தொழிலில் கற்ற பாடத்தைக் கொண்டே உலகம் வியந்த கண்ணாடி மாளிகையையும் கட்டினார்.

அவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. தோட்ட வேலைக்குப் போன ஏழைச் சிறுவன். பெயர், ஜோசப் பாக்ஸ்டன்.

ஏழாவது மகன்

பாக்ஸ்டன் 1803-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி பிறந்தார். இங்கிலாந்தில் பெட்போர்டுஷயர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர் அவருடைய சொந்த ஊர். விவசாயக் குடும்பம். அவர் ஏழாவது மகன். பதினைந்து வயதிலேயே ஒரு பணக்காரரின் தோட்டத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார்.

1823-ல் லண்டனை அடுத்த சிஸ்விக் என்ற இடத்தில், தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்த செடிகள் அங்கே வளர்ந்தன. அவற்றை ஆசையோடு கவனித்தார் பாக்ஸ்டன்.

அந்தத் தோட்டத்துக்கு அடுத்த மாளிகை டெவன்ஷையர் பிரபுவுக்குச் சொந்தம். பிரபு பெரிய செல்வந்தர். மணம் ஆகாதவர். அவர் அடிக்கடி தோட்டத்துக்கு வருவார். இளைஞரின் பணிவும் சுறுசுறுப்பும் அவருக்குப் பிடித்துப் போயின.

டார்பிஷயரில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் பிரபுவுக்கு இன்னொரு மாளிகை இருந்தது. அங்கே தலைமைத் தோட்டக்காரர் வேலை காலியாக இருந்தது. அதைப் பாக்ஸ்டனுக்குக் கொடுத்தார். அப்போது பாக்ஸ்டனுக்கு வயது 22!

விடியுமுன் வேலை

1826-ம் ஆண்டு மே 9-ந் தேதி. அதிகாலை நாலரை மணி. பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த் வந்து சேர்ந்தார். மாளிகையில் யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் காத்திருக்கவில்லை. தோட்டத்துக் கதவில் ஏறிக் குதித்தார். இடம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு வேலையாட்கள் வந்ததும் அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார்.

பிறகு மாளிகையின் காரியங்களைக் கவனிக்கும் அம்மாளுடன் காலை உணவு உண்ணச் சென்றார். அங்கே அந்த அம்மாளின் உறவுப் பெண் சாரா இருந்தாள். பார்த்ததும் இருவர் மனமும் ஒன்றின. மணி ஒன்பது ஆவதற்குள் இவ்வளவும் நடந்துவிட்டதாகப் பாக்ஸ்டனே பிற்காலத்தில் சொல்லி மகிழ்வாராம்.

அடுத்த ஆண்டு திருமணம் நடந்தது. சாரா கெட்டிக்காரி. கணவர் வெளியூர் போகும் போதெல்லாம் தோட்டத்து வேலைகளையும் கணக்கு வழக்குகளையும் அவளே கவனித்துக் கொண்டாள்.

சூடான சுவர்

சாட்ஸ்வொர்த் மலைப்பாங்கான இடம். குளிர் அதிகம். கண்ணாடி வீட்டுக்குள் செடிகளை வைத்தால் பகலில் வெயில் உள்ளே புகுந்து வெப்பம் தங்கும். ஆனால் இங்கிலாந்தில் டிசம்பர் மாதத்துப் பகல் எட்டு மணி நேரமே. சூரியனும் சோர்ந்து கிடக்கும். நீண்ட இரவில் செடிகளைக் காப்பது எப்படி?

பாக்ஸ்டன் ஒரு சுவரைப் பயன்படுத்தினார். அது சாதாரணச் சுவர் அல்ல. உள்ளே புகை செல்ல வழி இருந்தது. அடியில் அடுப்புகள் இருந்தன. அடுப்பை மூட்டினால் சூடான புகை சுவருக்குள் வளைந்து வளைந்து போகும். சுவர் முழுவதும் கதகதப்பாகும். குளிர் தாங்காத செடிகளையும் பழ மரங்களையும் அதன்மீது படர விட்டார். இரவில் திரை போட்டு மூடினார். 1848-ல் அதற்கு முன்னால் கண்ணாடியும் பொருத்தினார்.

கண்ணாடிக் கூரையிலும் அவர் யோசனை செய்தார். தட்டையாகக் கண்ணாடி பதித்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் சறுக்கிப் போய்விடும். ஆகவே கூரையை மேடும் பள்ளமுமாக மடித்து அமைத்தார். இளவெயில் நேராக உள்ளே விழுந்தது. உச்சி வெயில் மட்டும் சாய்ந்து விழுந்தது. இப்படிப்பட்ட கூரையை முதலில் யோசித்தவர் வேறொருவர். அதைச் சீர்திருத்திப் பெரிய அளவில் பயன்படுத்தியவர் பாக்ஸ்டன்.

பிரபுவின் வாழை

அந்நாளில் மொரீஷியஸ் தீவிலிருந்து வந்த ஒரு குட்டை வாழை சாட்ஸ்வொர்த்துக்குக் கிடைத்தது. பாக்ஸ்டன் அதைக் குழந்தையைப் போல் பாதுகாத்தார். 1835 நவம்பரில், வெளியே குளிர் வாட்டிய காலத்தில், கண்ணாடி வீட்டுக்குள் வாழை பூத்தது! அடுத்த ஆண்டு நூற்றுக்கு மேற்பட்ட காய்களோடு குலை தொங்கியது. தோட்டக்கலைச் சங்கம் அதற்குப் பதக்கம் அளித்தது.

டெவன்ஷையர் பிரபுவின் குடும்பப் பெயர் கேவண்டிஷ். அந்த வாழைக்கும் அதே பெயர் வைக்கப்பட்டது.

பிரபுவுக்கு ஆசை வளர்ந்தது. புதுச் செடி தேட ஆட்களை அனுப்பினார். கிப்சன் என்ற இளம் தோட்டக்காரர் 1835-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். 1837-ல் ஏராளமான ஆர்க்கிட் செடிகளுடனும், பர்மாவில் புகழ் பெற்ற ஆம்ஹெர்ஸ்டியா என்ற பூமரத்தின் கன்றுடனும் திரும்பினார்.

வேறு இரு இளம் தோட்டக்காரர்கள் வட அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. 1838-ல் கொலம்பியா ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்தார்கள். செடி தேடும் வேலையில் உயிருக்கும் ஆபத்து இருந்தது.

ஏழு மைல் குழாய்

இத்தனை செடிகளுக்கும் பெரிய வீடு வேண்டாமா? 1836-ல் பெரிய கண்ணாடிக் கூடம் கட்டும் வேலை தொடங்கியது. 1840-ல் முடிந்தது. அகலம் 123 அடி. நீளம் ஏறக்குறைய அதைப் போல் இரு மடங்கு. உயரம் 60 அடிக்கு மேல். அதற்குள் பனை இனத்து மரங்கள் தலை நிமிர்ந்து நின்றன. நடுவே குதிரை வண்டி போகப் பாதை இருந்தது!

எட்டுக் கொதிகலன்களில் நீர் காய்ந்தது. ஏழு மைல் நீளமுள்ள இரும்புக் குழாய்களில் அந்த வெந்நீர் ஓடியது. நிலக்கரியைச் சுரங்க வழியில், சிறு தண்டவாளத்தின் மேல் வண்டிகளில் கொண்டு வந்தார்கள். புகை கண்ணாடியில் படியாமல், தரைக்கு அடியில் சென்று தூரத்துப் புகைபோக்கி வழியே வெளியேறியது.

1843 டிசம்பரில் விக்டோரியா மகாராணி அங்கே வந்தார். ஆயிரக்கணக்கான விளக்குகள் எரிந்தன. குளிர்கால இரவில், வெப்ப நாட்டுக் காட்டுக்குள் மகாராணியின் வண்டி உருண்டு சென்றது.

இலை தந்த பாடம்

தென் அமெரிக்காவில் ராட்சத அல்லி ஒன்று உண்டு. அதற்கு விக்டோரியா மகாராணியின் பெயரையே வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் அது பூக்கவே இல்லை. 1849 ஆகஸ்டில் கியூ தோட்டத்திலிருந்து ஒரு கன்றைப் பாக்ஸ்டன் கொண்டு வந்தார். அதற்காகத் தொட்டி கட்டினார். நீரைச் சூடாக்கினார். ஆற்று நீர் போல் அசைவதற்காகச் சிறு சக்கரம் வைத்தார். நவம்பரில் அல்லி பூத்தது! கியூ தோட்டத்தில் பூப்பதற்கு முன்பே சாட்ஸ்வொர்த்தில் பூத்துவிட்டது.

அதன் இலை பெரிய தாம்பாளத்தைப் போல் இருந்தது. பாக்ஸ்டன் தம் சிறு மகள் ஆனியை அதன் மேல் நிற்க வைத்தார். இலை மூழ்கவில்லை. அடியில் இருந்த நரம்புகளும் குறுக்கு நரம்புகளும் அவ்வளவு பாரத்தைத் தாங்கின.

1851-ல் லண்டனில் உலகக் கண்காட்சி நடத்த ஏற்பாடாயிற்று. அதற்குரிய கட்டடத்துக்குத் திட்டம் கிடைக்காமல் திண்டாடினார்கள். பாக்ஸ்டன் ஒரு ரெயில்வே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது மை ஒற்றும் தாளில் ஒரு படம் வரைந்தார். கண்ணாடிக் கூரையும் இலை நரம்பும் கற்றுத் தந்த திட்டம் அது. ஏறக்குறைய மூன்று லட்சம் கண்ணாடிகளைக் கொண்ட மாளிகை சில மாதங்களில் எழுந்தது. சுமார் 60 லட்சம் பேர் கண்காட்சிக்கு வந்தார்கள். எடுபிடிச் சிறுவன் சர் ஜோசப் பாக்ஸ்டன் ஆனார். 1854-ல் பார்லிமெண்டு உறுப்பினரும் ஆனார்.

அடுப்பு அணைந்தது

1858-ல் பிரபு காலமானார். பாக்ஸ்டன் தலைமைத் தோட்டக்காரர் பதவியிலிருந்து விலகினார். 1865-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி மறைந்தார். சாட்ஸ்வொர்த்தை அடுத்த எடன்சர் ஊரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைந்த பிறகும் பெரிய கூடம் பல ஆண்டுகள் பசுமையாக நின்றது. 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. வேலையாட்கள் போர்முனைக்குப் போனார்கள். கொதிகலனுக்கு நிலக்கரி கிடைக்கவில்லை. குழாய்கள் குளிர்ந்தன. கண்ணாடி அப்படியே இருந்தது, கதகதப்பு போய்விட்டது. கடல் கடந்து வந்த செடிகள் குளிரில் மடிந்தன. 1920-ல் கூடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். லண்டன் கண்ணாடி மாளிகையும் பின்னர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டு, 1936 நவம்பர் 30-ந் தேதி தீக்கு இரையானது.

கூடம் நின்ற இடத்தில் 1962-ல் செடிகளாலான சுற்றுப்பாதை ஒன்றை அமைத்தார்கள். பாக்ஸ்டனின் கதகதப்புச் சுவர் இன்றும் நிற்கிறது.

வாழையும் வாழ்கிறது. இன்று நாடு விட்டு நாடு போகும் வாழைப்பழங்களில் மிகப் பெரும்பாலானவை கேவண்டிஷ் இனம்தான். தேனிப் பக்கம் பயிராகும் ஜி-9 வாழையும் அந்த இனமே. குளிர் நாட்டுப் பிரபுவின் பெயரைத் தாங்கிய பழம், நம் வீட்டுக் கூடையிலும் இருக்கிறது.